பொழுது சாயற நேரத்து லாட்டு

அந்தச் சேர் வேணாம் தம்பி, அது ஆடும். இப்டி ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க, கம்ப்யூட்டரு அங்கருந்தே எட்டும். கதவச் சாத்தாதீங்க, தொறந்தே கெடக்கட்டும். எனக்கு வாசல் தெரியணும். இந்நேரத்துக்கு யாரும் வர மாட்டாங்கதான். எங்க வூட்டுக்காரரு, அவரோட அண்ணன் பெரியவரு, எம் பொண்ணு பிராமி, எல்லாரும் சாப்புடப் போய்ட்டாங்க. மூட்ட தூக்குற ஆளுங்களும் கெளம்பியாச்சு. இருந்தாலும் தொறந்தே இருக்கட்டும்.

டீ சொல்லவா? வேணாமா? ஏன் வேணாம்? விழுப்புரத்துலருந்து பஸ்ல நின்னுக்கினு வந்திருக்கீங்க, தொண்ட காயலையா? ஓ, பஸ் ஸ்டாண்டுல குடிச்சிட்டீங்களா. தனியாவா, யார்கூடயாவதா? சும்மாதான் கேட்டேன், மூஞ்சி ஏன் அப்டிப் போவுது? இப்பல்லாம் எனக்கு யாரப் பாத்தாலும் நாலு கேள்வி கேக்கத் தோணுது. எங்க வூட்டுக்காரரு சொல்றாரு, சந்திரவதி, நீ மண்டிக்கு வந்து ஒக்காந்த நாள்லருந்து போலீஸ்காரி மாரி ஆயிட்டேன்னு. ஆவாம இன்னா பண்றது? மல்லாட்ட மூட்டைல மேல நல்ல கடலக்காயி போட்டு அடில மண்ணு போட்டுக் கொண்டாந்து எறக்குறான். கைய உள்ள வுட்டுப் பாத்தாத்தான் தெரியும்.

சரி, அந்த சர்டிபிகேட்டு சமாச்சாரத்த எனக்கும் சொல்லுங்க. போன்ல பெரியவருகிட்ட சொன்னீங்களாமே. அவருக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்ச மாரி உம் கொட்டிட்டு, நல்லா ஸ்ட்ராங்கா போட்டுடுப்பான்னு வெச்சிட்டாரு. நான் அப்டி வுட மாட்டேன்.

ம். ம்... இருங்க, இருங்க. ஜல்தியா போவாதீங்க. நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. இப்ப நம்ம மண்டி வெப்சைட்ட தொறந்தா மேல ஒரு பூட்டுப் படம் வருதே, அது அந்த மிஷினு நம்மகிட்ட காட்டுற அடையாளம். நான்தான் ஜினசந்திரன் மண்டி, வேற எவனும் இல்ல, நம்பி வாங்கன்னு. அது மொதல்லருந்தே இருக்குது. ஆனா உள்ள வர்றவன் யாருன்னு அது கேக்கறதில்ல. பாஸ்வேர்டு சொன்னா போதும், வுட்டுடுது. இனிமே வர்றவனும் தன்னோட அடையாளத்தக் காட்டணும். ரெண்டு பக்கமும் மூஞ்சியக் காட்டிக்கினு அப்பறமாத்தான் பேச்சு. அவ்ளோதான? இத்தச் சொல்றதுக்கா அவ்ளோ இங்கிலீசு.

பாஸ்வேர்டு வாய்ல சொல்றது, எவன் காதுலயும் வுழும். நம்ம பாஸ்வேர்டு பெரியவரு பேரப்புள்ள பேரு. எதிர் மண்டி சக்கரபாணிக்கே தெரியும், மொட்ட போட்டப்ப வந்து சாப்ட்டுட்டுப் போனவரு. இதுன்னா மிஷினுக்குள்ள வெக்கிற ஃபைலு, வாயால சொல்ல முடியாது. சரி. நல்ல ஏற்பாடுதான்.

ஆனா ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்கக் கூடாது. இந்த சர்டிபிகேட்டுக்கு முத்திர குத்துறது யாரு? நீங்கதான? அந்த முத்திர யார்கிட்ட இருக்கும்? உங்க லேப்டாப்லயே இருக்குமா! அப்ப நாளைக்கு நீங்களே உங்களுக்கு ஒண்ணு குத்திக்கினு உள்ள வந்துடலாம்ல? சிரிக்காதீங்க, நெஜமாத்தான் கேக்குறேன். முத்திரய ஒரு பென்டிரைவ்ல போட்டு என் கைல குடுத்துடுங்க. உங்க லேப்டாப்லருந்து என் கண்ணு எதிருக்கவே அழிச்சிடுங்க. ஆமா, இந்த மண்டிக்கு இதெல்லாம் செஞ்சி குடுத்ததே நீங்கதான், ஒத்துக்கறேன். செஞ்சவருக்குத்தான எல்லாச் சந்தும் தெரியும்.

உங்க கார்டுல வெறும் ராஜ்னு போட்டிருக்குது. ராஜ்னா எந்த ராஜ்? ஆரோக்கியராஜா. நல்ல பேருதான, ஏன் பாதிய முழுங்கிட்டீங்க? கார்டுல எடம் பத்தலயா? ம். எடம் நெறைய இருக்குதே. சரி வுடுங்க. சர்டிபிகேட்டுல மட்டும் முழுப் பேரும் போட்டுடுங்க, யாருக்குப் போட்டாலும்.

எதுக்கு இவ்ளோ கெடுபிடின்னு பெரியவரு உங்களுக்குச் சொன்னாரா? கள்ள லாட்டு வருதுன்னு மட்டும் சொன்னாரா. நான் சொல்றேன் கேளுங்க. காலைல கணக்கு முடிக்கச்ச பாத்தா, வர்ற சரக்கு ஒவ்வொண்ணுக்கும் லாட்டுன்னு ஒரு நம்பர் போடறோமே, அதுல ஒண்ணு காணோம். முந்துன நம்பர் இருக்குது, அடுத்த நம்பர் இருக்குது, நடுவுல ஒண்ணு இல்ல. யாரோ லாட்டு தொறந்து, அப்பறம் கேன்சல் பண்ணியிருக்காங்க. ஒரு நாள்னா கை தவறிச்சுன்னு வுடலாம். தெனமும்னா? பெரியவரு எகிறிட்டாரு. சக்கரபாணி உள்ள பூந்து நம்ம ரேட்டப் பாக்குறான், அதான் நமக்கு வர்ற சரக்கெல்லாம் அவன் பக்கம் திரும்புதுன்னு ஆரம்பிச்சாரு. அப்பறம் யோசிச்சிப் பாத்துட்டு, இல்ல, உள்ள இருக்கறவங்கதான் எவனையோ சேத்துக்கினு இருக்காங்கன்னு பிராமி பக்கம் திரும்பிட்டாரு. கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருக்கறது அவதானே.

ஏற்கெனவே அவமேல அவருக்கு ஒரு கண்ணு. பேரில்லாத நம்பர்லருந்து போன் வருதுன்னு சித்திரையிலயே அவ போனப் புடுங்கி பீரோவுல வெச்சிப் பூட்டிட்டாரு. படிச்ச பொண்ணு, எம்.காம் முடிச்சவ, வாயே தொறக்கல. இப்ப இன்னா சொல்றாருன்னா, இந்த சர்டிபிகேட்டு போட்டு எவன்னு தெரியட்டும், அவன் கால ஒடிக்கிறேன், இவள அந்தச் சேர்லருந்து எழுப்பித் தை மாசம் எவன் கைலயாவது புடிச்சிக் குடுத்துடறேன்னு. சொன்னா செய்வாரு. எங்க வூட்டுக்காரரு அண்ணன் எதிருக்க நின்னு பேசி நான் பாத்ததில்ல. எம் பொண்ணுக்கு இந்த மண்டிதான் தம்பி வெளிய போற ஒரே எடம். அதும் போச்சுன்னா அவ்ளோதான்.

தண்ணி குடிங்க. அந்தச் சொம்பு உங்களுக்குத்தான் வெச்சேன்.

எந்நேரத்துல வருதுன்னா? அத்தான் சொல்ல வர்றேன். மிஷினு நேரம் காட்டுதே. சரியா பொழுது சாயறப்ப. எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ இன்னாவோ, நாங்க ஜைனருங்க. இருட்டுனதுக்கு அப்பறம் வாயில ஒரு பருக்க வெக்க மாட்டோம். சூரியன் சாயறதுக்குள்ள எலையப் போட்டுடணும். அதனால அந்நேரத்துக்கு மண்டில ஈ காக்கா இருக்காது. அத்தத் தெரிஞ்சிக்கினுதான் ஒருத்தன் வர்றான். சக்கரபாணிக்கு எங்க ரேட்டு வேணும்னா காலைல ஏலம் நடக்கறப்ப வருவான், இந்நேரத்துல வந்து இன்னா பண்ணப் போறான்? பெரியவருக்கு இது ஒறைக்கல. எனக்கு ஒறைச்சிது. சொல்லல, வாய மூடிக்கினேன்.

இன்னும் ஒண்ணு கேக்கணும். உள்ள வுடறதுல ரெண்டு மாரி இருக்குதுன்னீங்களே. ஒண்ணு, சர்டிபிகேட்டு இருந்தா காட்டு, இல்லன்னாலும் பரவால்ல வா. இன்னொண்ணு, இல்லன்னா வாசப்படியே மிதிக்காத. பெரியவரு ரெண்டாவதுதான் போடச் சொன்னாரு. நீங்க இன்னா போட்டிருக்கீங்க? தோ, அந்த வரிய எனக்குக் காட்டுங்க. இங்கிலீசு எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இது மொதலாவது ஆச்சே. டெஸ்ட்டுக்காகவா? டெஸ்ட்டு முடிஞ்சா மாத்திடுவீங்களா? யாரு ஞாபகப்படுத்துவா உங்களுக்கு? நல்ல ஆளு நீங்க. இருக்கட்டும், மாத்தாதீங்க இப்ப. நான் சொல்றப்ப மாத்துங்க.

ஏற்கெனவே உள்ள வந்து நின்னுக்கினு இருக்கறவன இன்னா பண்றது? இல்ல, இந்த ஸ்கிரீன் தானா மாறிக்கினே இருக்குதே, ரியாக்டிவ்வுன்னு சொல்லிக் குடுத்தீங்களே. பைப்பு மாரி ஒருவாட்டி தொறந்தா தண்ணி வந்துக்கினே இருக்கும், எவன் எங்க அடிச்சாலும் இங்க தானா வந்து வுழும், எதையும் அழுத்தவே வேணாம்னு. அப்ப பைப்பத் தொறக்கறப்ப மட்டுந்தான சர்டிபிகேட்டக் கேக்கும்? ஏற்கெனவே தொறந்து வெச்சிக்கினு இருக்கறவன? ஆங். எல்லாத்தையும் ஒருக்கா அறுத்துட்டு மறுபடி வரச் சொல்லணும். அதான பாத்தேன்.

இப்ப எத்தினி மிஷினுக்குப் போடணும், சொல்லுங்க. இந்த ஆபீஸ் கம்ப்யூட்டரு. எங்க வூட்டுக்காரரு போனு. பெரியவரு போனு. அவ்ளோதானா? நல்லா யோசிங்க.

டிவிய வுட்டுட்டீங்களே.

எடை மிஷினுக்கு மேல மாட்டியிருக்கே, அதான். வெவசாயிங்க அவங்க லாட்டு, எடை, ரேட்டு எல்லாத்தையும் நின்ன எடத்துலயே பாத்துக்கலாம்னு நீங்கதான தம்பி மாட்டுனீங்க. பைப்பு அதுக்கும் போவுதில்ல? இங்க ஒரு எழுத்து அடிச்சா அங்கயும் வுழுதில்ல? மண்டி சாத்துனா டிவிய அணைச்சிடுவாங்கன்னுதான நெனச்சீங்க. அணைச்சிடுவாங்க. ஆனா ஒரு நாள் எடை மேடைல என் கண்ணாடிய வெச்சிட்டு வந்துட்டேன். சாப்ட்டு முடிச்சிட்டு எடுக்கப் போனா ஷெட்டுல ஒரே இருட்டு. லைட்டு சுச்சின்னு தடவி டிவி சுச்சியப் போட்டுட்டேன்.

ஏன் எழுந்துக்கறீங்க? ஒக்காருங்க. கதவு தொறந்துதான் இருக்குது, புடிச்சி வெக்கல உங்கள. ஆனா ஒக்காருங்க.

டிவில லாட்டு ஒண்ணு தொறந்திருக்குது. வெவசாயி பேரு மாரியப்பன், ஊரு மண்டகப்பட்டு. மண்டகப்பட்டுலருந்து நமக்கு எந்த மாரியப்பனும் சரக்கு போடறதில்ல. மூட்ட சைபர். எடை சைபர். கீழ, சரக்கு ஈரமா காய்ஞ்சதான்னு எழுதுற எடம் இருக்குதே, அங்க எழுத்து வருது. நான் தொடல, ஒண்ணும் பண்ணல, கண்ணு எதிருக்க தானா வருது. கால் வலி எப்டி இருக்குது அம்மாவுக்குன்னு ஒரு வரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யாருடா இவன், என் கால் வலியப் பத்தி மல்லாட்ட லாட்டுல விசாரிக்கறவன்? அது அழியுது. தைலம் போட்டேன், இப்ப பரவால்லன்னு இன்னொரு வரி வருது. எனக்குத் தைலம் தேச்சி வுட்டது யாரு? பிராமி. அப்ப ஆபீஸ்ல யாரு? பிராமி. ஷெட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவுல ஒரு செவுருதான். அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கூட எனக்குக் கேட்டுச்சு. போனு இல்லன்னு லாட்டுலயே பேசிக்கறாங்க.

அன்னிலருந்து நான் தெனம் போவேன். ஆமா, சொல்றதுக்கு வெக்கமாத்தான் இருக்குது. பெத்தவ இருட்டுல நின்னுக்கினு டிவியப் பாத்துக்கினு இருந்தேன். எவன், எந்த ஊரு, இன்னா நோக்கம், நகை கேப்பானா, போட்டோ கேப்பானா, எங்கனா ஓடிப் போலாம்னு கூப்புடுவானான்னு ஒவ்வொரு வரியா பாத்தேன். நீ அப்டி ஒண்ணும் கேக்கல. பஸ்ல கூட்டம்ங்கற, மழ பேய்துங்கற, அவ அடிச்ச கணக்குல ஒரு தப்பக் காட்டித் திருத்துற. இதுக்கா இவ்ளோ திருட்டுத்தனம்னு எனக்கே தோணிச்சு. ஆனா நல்லவனா பேசறவனத்தான் இன்னும் நல்லா பாக்கணும்.

நான் எப்டிக் கண்டுபுடிச்சேனா? அட, நேத்து நீயே அடிச்சியே. நாளைக்கு வர்றேன், உங்க அம்மாதான் கூப்ட்டாங்க, சர்டிபிகேட்டு போடன்னு. அதுக்கு முன்னாடியே சந்தேகந்தான். எவன் வந்தாலும் வம்பு இழுக்கறவ, நீ ரிப்பேருக்கு வந்தா மட்டும் தலைய நிமிக்க மாட்டா. அவ்ளோ பயபக்தி எதுக்குன்னு நெனச்சிக்கினே இருந்தேன்.

விசாரிச்சிட்டேன். எங்க ஏஜென்ட்டு, விருத்தாசலம்னு ஒருத்தரு, உங்க பக்கத்து ஆளுதான். உனக்குத் திருவெண்ணெய்நல்லூருக்குக் கிட்ட ஊரு. அப்பா சவுரிராயன், கரும்பு வெட்டப் போவாரு. அம்மா ஜெயம். உங்கம்மாவ எனக்குத் தெரியும்பா. கல்யாணமாயி வந்த புதுசுல நான் பாத்திருக்கேன், எங்க களத்துக்கு மல்லாட்ட ஆய வருவாங்க. பாட்டு நல்லா பாடுவாங்க. நீ எதுக்குப் பேரப் பாதில வெட்டுனேன்னு எனக்குப் புரியாம இல்ல. எங்க ஆளுங்க உங்க தெருவுல தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. நானும் குடிச்சதில்ல. நான் ஒண்ணும் பெரிய மனசுக்காரி இல்ல, அப்டி நெனச்சிக்காத. நீங்க சாப்புடறது வேற, நாங்க சாப்புடறது வேற. மேல்சித்தாமூர்ல எங்க கோயில் தேருக்குப் போனா எங்க சனம் என்னய இன்னா கேக்கும்னு நெனச்சாலே பேஜாரா இருக்குது. சரின்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் இன்னிக்குச் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு. அதுக்காகத்தான் உன்ன இந்நேரத்துக்கு வரச் சொன்னேன்.

அவளப் பாத்தியா நீ, சமீபத்துல? இளைச்சிட்டாளே, அது உன் கண்ணுல படலயா? ரவிக்கை எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சி. நான் டாக்டருகிட்ட இட்டுக்கினு போனேன், ரத்தம் கம்மின்னாங்க. கேப்பைக் கூழு, பேரிச்சம் பழம், எல்லாம் குடுத்துப் பாத்தேன். ஏறல. எப்டி ஏறும்? எல்லாரும் சாப்புடப் போற நேரத்துல, கணக்கு பாக்கி இருக்குது, நீங்க போங்க, நான் பின்னாடி வர்றேன்னு இங்க ஒக்காந்துடறா. பின்னாடி எங்க வர்றது? அதுக்குள்ள சூரியன் போய்டும். போனா அவ சாப்புட மாட்டா. போனப் புடுங்குனாலும் கேட்டுப்பா, கல்யாணம்னாலும் கேட்டுப்பா, இத்த மட்டும் வுட மாட்டா. அப்டி வளந்தவ. தண்ணிகூட இல்லாம படுத்துக்குவா. ஆடிலருந்து எம் பொண்ணு ராத்திரிப் பட்டினிப்பா.

நீ தெனம் மொதல்ல கேக்கறது இன்னா? சாப்ட்டியா. அவ இன்னா அடிக்கறா? சாப்ட்டேன். நான் டிவியப் பாத்துக்கினு நிக்கறேன். மேக்குப் பக்க ஜன்னல்ல ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. பொய் சொல்றா. பொய்யே சொல்லாத பொண்ணு. உனக்குத் தெரியாது. தெரியாதுன்னு இப்ப உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆனா கேட்டிருக்கணும். எங்க வழக்கம் இன்னான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கணும். யாரும் இல்லாத நேரம்னு பாத்தியே தவிர, ஏன் யாரும் இல்லன்னு யோசிச்சியா?

அழுவாத. ஆம்பளப் புள்ள, ஒக்காந்து வேலையப் பாரு.

இப்ப அந்த வரிய மாத்து. ரெண்டாவதே போடு. சர்டிபிகேட்டு இல்லன்னா வாசப்படி மிதிக்காத. உனக்கு ஒண்ணும் குத்திக்காத, பென்டிரைவ என் கைல குடு. எல்லா பைப்பையும் ஒருக்கா அறுத்து வுடு. பெரியவரு நாளைலருந்து பாத்துக்கினே இருக்கட்டும், ஒரு கள்ள லாட்டும் வராது. சக்கரபாணிதான் இருக்கும், பயந்துட்டான்னு சொல்லி நான் முடிச்சிடறேன். அந்த வழிய அடைச்சாத்தான் எம் பொண்ணு சோத்துல கை வெப்பா.

உனக்கு வேற வழி இருக்குது, மனசு இருந்தா. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. ராஜ்னு வராத, ஆரோக்கியராஜ்னு வா. உங்கம்மாவ இட்டுக்கினு வா. பெரியவரு கத்துவாரு, தொரத்துனாலும் தொரத்துவாரு, நான் அப்ப உன் பக்கம் நிப்பேன்னு இப்பவே வாக்கு குடுக்க மாட்டேன். ஆனா வெளிச்சம் இருக்கச்சயே வந்துடு. அவ்ளோதான் என்னால சொல்ல முடிஞ்சது.

பிராமியா? இன்னிக்கு வூட்ல சாப்ட்டுக்கினு இருக்கா. ஆபீஸ நான் பாத்துக்கறேன்டி, நீ போன்னு புடிச்சித் தள்ளாத கொறையா அனுப்சேன். திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போனா.

நானா? எனக்கு வாசல் தெரியணும்னு சொன்னேனே, எதுக்குன்னு நெனச்ச? வெளிச்சம் இன்னும் இருக்குதான்னு பாத்துக்கினேதான் பேசிக்கினு இருந்தேன். போச்சு, பாரு. தெரு வெளக்கு போட்டுட்டான். பரவால்ல, நீ நிதானமா முடி. அவ எப்டித்தான் பட்டினியோட படுத்துக்கறான்னு இன்னிக்கு ஒரு ராத்திரி நானும் சாப்புடாம படுத்துப் பாக்குறேன்.